சப்பரத்தில் வந்த அரிஸ்டாட்டில்

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் சாந்தோம் குப்பத்தில் கிளம்பி, மந்தைவெளியைச் சுற்றிக்கொண்டு, அடையாறு பாலத்தைத் தாண்டி, பேண்டு வாத்தியத்தோடு நாலு பேர் தோளில் எங்கள் கல்லூரிக்கு வந்து இறங்கினார். வருஷம் 1972. கழுத்தில் கனகாம்பர மாலை, கையில் மீன். நான் வாசலில் நின்று இதைக் கண்ணால் பார்த்தவன். சொன்னால் என் வீட்டிலேயே நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது?

நான் நாகராஜ், அந்தக் கல்லூரியில் அப்போது கிளார்க். ஆனால் இது என் கதையில்லை. அரிஸ்டாட்டிலைச் செய்த லூர்துசாமியின் கதை.

லூர்துசாமி பிறந்தது மீனவக் குடும்பத்தில். அந்தக் குப்பத்திலேயே கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆண்பிள்ளை அவர்தான். பத்து வயதில் அப்பா கட்டுமரத்தில் ஏற்றினார். அலை தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, "இது கரைக்குன்னே பொறந்த உருப்படி" என்று அப்பா கைகழுவினார். அன்றிலிருந்து குப்பத்தில் அவருக்குக் கரைசாமி என்று பேர். கோயில் மதிலுக்குப் பின்னால் இருந்த சுரூபப் பட்டறையில் வேலைக்குப் போனார். மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று பிளாஸ்டரில் புனிதர்களின் சுரூபங்களை வார்க்கிற இடம். இருபத்தைந்து வயதில் பட்டறை அவர் கைக்கே வந்துவிட்டது.

இங்கேதான் ஒரு கூத்து. நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: கோயிலுக்கு வருகிற சுரூபம் கப்பலில் வந்திருக்க வேண்டும். உள்ளூர்ச் சாமி என்றால் வரம் கொடுக்கத் தெம்பு போதாது என்று நினைப்பு. அதனால் லூர்துசாமி செய்த சுரூபங்களை ஜார்ஜ் டவுனில் ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, மேலே சீமை எழுத்தில் ஒரு சீட்டை ஒட்டி, ரோமாபுரிச் சரக்கு என்று ஊர் ஊராக அனுப்பினார். ஒரே நிபந்தனை, லூர்துசாமி வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது. ஆகவே குப்பத்துக்காரர்களுக்கு அவர் உடைந்த விரலையும் மூக்கையும் ஒட்டித் தருகிற ஆள், அவ்வளவுதான். குப்பத்துச் சிற்றாலயத்தில் நின்ற அந்தோணியாரே அவர் செய்ததுதான். "எங்க அந்தோணியாரு ரோமுலேந்து கப்பல்ல வந்தாரு தெரியும்ல?" என்று யாராவது விருந்தாளியிடம் பீற்றிக்கொள்ளும்போது பக்கத்தில் நின்று அவரும் தலையாட்டுவார். எனக்கென்றால் அந்த இடத்திலேயே வெடித்திருப்பேன்.

நாற்பது வயதில் ஒருதரம் அந்த வியாபாரியிடம் கேட்டாராம், பீடத்துக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், தன் பேரைக் கீறிக்கொள்ளட்டுமா என்று. "சாமி காலடியில உன் பேரா?" என்று அந்த ஆள் சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பு அவர் வயிற்றில் பத்து வருஷம் கிடந்தது. அவருக்கு வேறு ஆசையே இல்லை. ஒரு சுரூபம், ஒரே ஒரு சுரூபம், தன் பேரோடு நிற்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பிரின்சிபால் ராஜகோபாலனுக்குக் கிரேக்கம் பிடித்தது. மனிதருக்கு எது பிடித்தாலும் முழுசாகப் பிடிக்கும். புதிதாகக் கட்டிய நூலகக் கூடத்தில் சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் மூவருக்கும் இடுப்பு வரை சிலை வேண்டும் என்றார். "மேல்நாட்டுக்காரன் சட்டம், கணக்கு, வைத்தியம், அரசியல்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மூணு பேர் மேலதான்யா இடிச்சுக்கணும்! நம்ம பசங்களும் கொஞ்சம் இடிச்சுக்கட்டும்" என்று மேஜையைத் தட்டினார். திறந்துவைக்கக் கிரேக்க நாட்டிலிருந்தே ஒரு பேராசிரியர் வருவதாக ஏற்பாடு. சிலைக்கு ஆள் பிடிக்கிற வேலை என் தலையில். மாமல்லபுரத்தில் கேட்டால் ஆறு மாசம் என்றார்கள். கையில் இருந்தது ஆறு வாரம். யாரோ சாந்தோமில் மூக்கு ஒட்டுகிறவரைச் சொன்னார்கள், போனேன்.

உடம்பெல்லாம் வெள்ளைத் தூளாக ஒருவர் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அளவு கேட்கவில்லை, நாள் கேட்கவில்லை. "பேரு போடுவீங்களா?" என்றார்.

"போடாம? சாக்ரடீஸ், பிளேட்டோ..."

"அத்த சொல்லலே சார். எம் பேரு."

"தாராளமா. பித்தளைத் தகடுல வெட்டி அடியில பதிச்சுடலாம். சிற்பி லூர்துசாமின்னு."

அவர் என் பக்கத்தில் நெருங்கி வந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு நைனா" என்றார். சொன்னேன். உள்ளே திரும்பி, "ஜெசிந்தா! இங்க வந்து இந்தத் தம்பி சொல்றத கேளு!" என்று கத்தினார். அவர் மனைவிக்காக மூன்றாம் தடவையும் சொன்னேன். சந்தோஷத்தில் அவர்கள் எனக்கு டீ கொடுக்க மறந்துவிட்டார்கள், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

அவருக்கு ஒரு தொழில் வழக்கம். கையில் என்ன வைப்பது என்று முடிவாகாமல் முகத்தைத் தொடமாட்டார். பேதுரு கையில் சாவி, அந்தோணியார் கையில் குழந்தை, சவேரியார் கையில் சிலுவை. "கையில ஒண்ணும் இல்லேன்னா இவரு யாருன்னு ஜனத்துக்கு எப்டித் தெரியும்?" என்பார். என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? தத்துவம் சொல்லித்தருகிற நீரஜா மேடத்தை மயிலாப்பூரிலிருந்து கூட்டிக்கொண்டு போனேன். எதற்கும் சிரிக்கிற சுபாவம் அந்த அம்மாளுக்கு. புடவைத் தலைப்பால் ஒரு தலையில்லாத மாதாவின் பீடத்தைத் தட்டி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சாக்ரடீஸ் ஒண்ணுமே எழுதலை. சந்தையில நின்னுண்டு போறவா வரவாளை நிறுத்திக் கேள்வி கேப்பார். வீரம் வீரங்கறியே, வீரம்னா என்ன? நியாயம்னா என்ன? பெரிய மனுஷாள்லாம் முழிப்பா. பொறுக்காம ஊர் கூடி ஓட்டுப் போட்டு, விஷம் குடிக்கணும்னு தீர்ப்புச் சொல்லிட்டா."

"குட்ச்சாரா?"

"குடிச்சார். தப்பிக்க வழி இருந்தது, போகலை. இன்னிக்குக் கோர்ட்டுல வக்கீல் குறுக்கே கேக்கறதும், வகுப்புல பையன் எழுந்து ஏன்னு கேக்கறதும் அங்கேருந்து வந்ததுதான்."

"அப்ப சத்தியத்துக்காக உசுர விட்ட வேதசாட்சின்னு சொல்லு! கையில கோப்பை. முடிஞ்சுது" என்றார் லூர்துசாமி. "மூஞ்சி எப்டி?"

"மூஞ்சிதான் கஷ்டம். சப்பை மூக்கு, பிதுங்கின கண்ணு. பார்க்க சகிக்காதுன்னு அவர் சிநேகிதாளே சொல்லியிருக்கா."

லூர்துசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மா, முப்பது வருசமா அழகானவங்களையே செஞ்சு செஞ்சு கை மரத்துப் போச்சும்மா!" என்று குதித்தார். சாக்ரடீஸின் அப்பா கல் சிற்பி என்று மேடம் சொன்னதும், "நம்ம ஜாதி!" என்று ஒரு கும்பிடு போட்டார். அந்த முகத்துக்கு அவர் தேடிப் போகவும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் குடிசையில் வலை பின்னுகிற முனியன் இருந்தார். எதைச் சொன்னாலும் "அது எப்டி?" என்று கேட்டு ஆளைப் பேஜார் பண்ணுகிறவர். மூக்கும் கண்ணும் மேடம் சொன்னபடியே இருந்தன.

பிளேட்டோவுக்கு வந்தோம். நாம் காண்பதெல்லாம் வெறும் நிழல், அசல் வேறெங்கோ இருக்கிறது என்றவர் அவர் என்று சொல்லிவிட்டு, இது இவருக்கு விளங்குமோ என்கிற மாதிரி மேடம் என்னைப் பார்த்தார்.

"இதுல இன்னாம்மா கீது? நான் செய்யிற சூசையப்பரு நெழலு. அசலு மேல கீறாரு. கை மேல காட்டிக்கினு இருக்கணும், அதானே? அந்தக் கை எங்கிட்ட நூறு கீது."

மேடம் கைதட்டிச் சிரித்தார். ஒரு வருஷம் பாடம் நடத்தினாலும் எங்கள் பசங்களுக்கு ஏறாத சமாச்சாரம் அது.

அரிஸ்டாட்டில்தான் இழுத்தடித்தார். பிளேட்டோவின் மாணவர், அலெக்சாண்டரின் வாத்தியார், உலகத்தில் உள்ள சகலத்தையும் ரகம் பிரித்து வைத்தவர். என்ன கொடுத்தாலும் கை நிறையவில்லை. கடைசியில் மேடம், "ஒரு தீவுல போய் மீன்காராளோட பழகி மீன் மீனா அறுத்துப் பார்த்திருக்கார்" என்றார்.

லூர்துசாமி நிமிர்ந்தார். "மீனா?"

"ஆமா. கெளுத்தி மீன்ல அப்பன்தான் முட்டையைக் காவல் காக்கறதுன்னு எழுதியிருக்கார். ரெண்டாயிரம் வருஷம் மேல்நாட்டுப் பண்டிதாள்லாம் அதைக் கட்டுக்கதைன்னா. போன நூற்றாண்டுலதான் ஒருத்தர் அந்த மீனைத் தேடிப் பார்த்து, கிழவர் சொன்னது சரின்னார்."

அப்போதுதான் ஜெசிந்தா மீன் கூடையோடு உள்ளே வந்தார். "இத்த கண்டுபிடிக்க ரெண்டாயிரம் வருசமா? எங்கிட்ட கேட்டிருந்தா ஒரே வார்த்தைல சொல்லியிருப்பேன்" என்று கூடைக்குள் கைவிட்டு ஒரு கெளுத்தியை எடுத்து, அதன் வாயைப் பிளந்து மேடத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார். உள்ளே கோலிக்குண்டு அளவில் முட்டைகள். "இது ஆம்பள. வாயிலயே வச்சுக்கினு சுத்தும், அத்தினி நாளும் எரை துன்னாது. எங்க கடல்ல இதான் அப்பன்." நீரஜா மேடம் பிறந்ததிலிருந்து மீன் வாடை அறியாதவர். மூக்கைப் பொத்திக்கொண்டார், ஆனால் குனிந்து குனிந்து பார்த்தார். அரிஸ்டாட்டில் கையில் கெளுத்தி என்று முடிவாயிற்று.

போகும்போது மேடம் இன்னொன்றும் சொன்னார். அக்குவினாஸ் தோமையார் என்ற பெரிய புனிதர் அரிஸ்டாட்டிலைப் படித்துத்தான் திருச்சபைக்கே தத்துவம் எழுதினார், ஆனால் எழுதும்போது பெயரைச் சொல்லாமல் தத்துவஞானி என்று மட்டுமே குறிப்பிடுவார், படிக்கிறவர்களுக்கு அதுவே போதும் என்று.

"பேரே போடலியா?" என்றார் லூர்துசாமி. அவர் முகம் சுண்டிவிட்டது. "பாவம் அந்தாளு."

ஐந்தாவது வாரம் மூவரும் தயார். சாக்ரடீஸையும் பிளேட்டோவையும் மாட்டு வண்டியில் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்த இரண்டு நாள் லூர்துசாமி எங்களோடு இருந்தார். அரிஸ்டாட்டிலில் இன்னும் ஈரம் போகவில்லை. பட்டறைக்கு வெளியே, மணலில், கடலைப் பார்த்தபடி வெயிலில் வைத்துவிட்டு வந்திருந்தார். முப்பது வருஷம் தொழில் செய்தவர் அந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது. குப்பத்தில் தாடி வைத்த ஒருவர் பீடத்தோடு கடலைப் பார்த்து நின்றால் ஜனங்கள் யார் எவர் என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதிலும் கையில் மீன்!

முதல் மெழுகுவத்தியை ஏற்றியது லூர்துமேரி. கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாளாக மீன் விற்றுப் பிழைத்த அம்மாள், குப்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மூன்று வாரமாக வலை காலியாக வந்துகொண்டிருந்த சமயம். மறுநாள் காலை வலையில் சங்கரா மீன் அள்ளமுடியாமல் பட்டது. போதாதா? மத்தியானத்துக்குள் தலைக்கு மேல் ஓலைப் பந்தல். சாயங்காலத்துக்குள் கனகாம்பரம். அதற்கு அடுத்த நாள் காலை நவநாள் செபம் ஆரம்பித்துவிட்டார்கள், ஒன்பது நாள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பங்குச் சாமியார் செங்கற்பட்டில் தியானத்துக்குப் போயிருந்தார், ஜெசிந்தா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, தடுக்க ஆளில்லை.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மாலை நானும் லூர்துசாமியும் வண்டியோடு போய் நின்றால், அரிஸ்டாட்டிலைச் சுற்றி நூறு பேர் முழங்கால் போட்டிருக்கிறார்கள். ஒற்றைச் சிலை என்றால் வார்த்த அச்சை உடைத்துத்தான் அதை எடுப்பது வழக்கம். இன்னொன்று வார்க்க வழியில்லை. அரிஸ்டாட்டில் வராவிட்டால் மற்ற இரண்டு பேரும் வேண்டாம், மூவரும் சேர்ந்து நின்றால்தான் கூடம் என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். அப்படியானால் சிலையும் இல்லை, தகடும் இல்லை, லூர்துசாமியின் பேரும் இல்லை.

"அவரு புனிதரு இல்லேம்மே! எந்தக் கோயில்லயும் இல்லாதவரு!" என்று லூர்துசாமி கத்தினார்.

லூர்துமேரி எழுந்திருக்கவே இல்லை. "நெறைய மீனு குடுக்கறவரு யாரு?"

"யாரு, புனிதருதான்."

"இவரு குட்த்தாரா இல்லியா?"

"ஏதோ... பட்டுது."

"அப்ப இவரு யாரு?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒன்று இரண்டு மூன்று என்று படிவைத்து முடிவுக்கு வருகிற இந்த வித்தையை மேல்நாட்டுக்குச் சட்டமாக எழுதிக்கொடுத்தவரே அந்த அரிஸ்டாட்டில்தான் என்று பிரின்சிபால் எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! அவர் ஆயுதத்தாலேயே அவரை மடக்கி உட்காரவைத்திருந்தார் லூர்துமேரி. முதல் படி ஓட்டை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"யேசுவுக்கு முந்தி பொறந்தவரு, யேசு பேரையே கேட்டதில்ல" என்று நான் ஒரு போடு போட்டேன்.

"முந்திப் பொறந்தது அவரு தப்பா?" என்றார் முனியன். அவர் இந்து, ஆனாலும் முதல் வரிசையில் முழங்கால் போட்டிருந்தார். "எங்க முனீசுவரன் கூடத்தான் கேட்டதில்ல. அதுக்கு இன்னான்ற?"

அக்குவினாஸ் தோமையார் இவரிடம் பாடம் படித்தவர் என்று ஜெசிந்தா தெரியாத்தனமாக வாயை விட்டார். அவ்வளவுதான், புனிதருக்கே வாத்தியார் என்றால் புனிதரைவிட ஒருபடி மேல் என்று கூட்டம் ஆரவாரித்தது. இரண்டு பேர் விசில் அடித்தார்கள். நான் வண்டிக்காரனிடம் திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்போது லூர்துசாமி செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து, அரிஸ்டாட்டிலின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்த செஞ்சது நானு. இந்தக் கை. இவரு என்னுது."

"செஞ்சா? நீ மூக்கு ஒட்றவன்பா" என்று ஒருவர் சிரித்தார்.

"மூக்கா? கோயிலாண்ட நிக்கிறாரே அந்தோணியாரு, ரோமுலேந்து வந்தாருன்னு சொல்லிக்கினு கீறீங்களே, அதுவும் நான்தான். இந்தா, இந்தப் பட்டறையில. அம்பத்தாறாம் வருசம், பெருங்காத்து அடிச்ச மாசம். பெட்டியில போட்டு ஜார்ஜ் டவுனுக்குப் போயி, அங்க சீட்டு ஒட்டி, திரும்ப வந்திச்சு. நீங்கள்லாம் மேளம் கொட்டி எறக்கினீங்க. நானும் வந்து கும்பிட்டேன்."

இனி அந்த வியாபாரி காதுக்கு இது எட்டாமல் இருக்காது. வயிற்றுப்பாட்டையே தூக்கி மணலில் போட்டுவிட்டார் மனுஷன். அது மட்டுமா, இவர்கள் சாமியை உள்ளூர்ச் சாமி ஆக்கிவிட்டார். அடிப்பார்களோ என்று பயந்தேன்.

"எப்டி நம்பறது?" என்றார் முனியன்.

"ரோமுல ஆளுங்க எப்டி இருப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? நம்ம ஆளுங்கள பாத்துத்தான் செஞ்சேன். போய்ப் பாரு. குழந்த யேசுவுக்கு ஜெசிந்தா மூக்கு. அந்தோணியாரு..." அவர் லூர்துமேரியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அந்தோணியாரு மூஞ்சி அருளப்பன் மூஞ்சி, அக்கா. அந்த வருசந்தான் அவன் போனான். சின்ன வயசுல எங்கூடக் கட்டுமரத்துல வந்து, நான் வாந்தி எடுக்கறப்பல்லாம் தலையப் புட்ச்சுக்குவான். அவன் மூஞ்சி மறந்துடுமோன்னு செஞ்சு வச்சேன்."

அருளப்பன், கடலோடு போன லூர்துமேரியின் கணவர்.

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். சிற்றாலயத்தில் அத்தனை பேருக்கு இடம் ஏது? ஒருவர் மேல் ஒருவர் ஏறி, ஜன்னலில் தொங்கி, "ஆமாம்பா, ஜெசிந்தா மூக்கேதான்!" என்று ஒரு கூச்சல். "அந்தக் கழுத்து எங்க சித்தப்பா கழுத்து!" என்று இன்னொன்று. ஜெசிந்தா தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பதினாறு வருஷம் கும்பிட்ட சுரூபத்தை அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

லூர்துமேரி கடைசியாக வந்தார். வழி விட்டார்கள். அந்தோணியாரின் கன்னத்தில் கைவைத்து வெகுநேரம் நின்றார். "இங்க வந்து நின்னா மட்டும் எனக்கு ஏன் அழுகையா வருதுன்னு கேட்டுக்கினே இருந்தேன்" என்றார். பிறகு லூர்துசாமி பக்கம் திரும்பி, "பாவி, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். உடனே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"உன் ஆள நீ எடுத்துக்கினு போ" என்றார் அப்புறம். "ஆனா வண்டியில போட்டு மூட்டை மாதிரி கொண்டுபோவக் கூடாது. நாங்க தூக்கிக்கினு வருவோம்."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை அந்தச் சப்பரம் கிளம்பியது. முன்னால் பேண்டு, பின்னால் புதுப்புடவை கட்டிய மீன்காரப் பெண்கள். மந்தைவெளியில் ஒரு டீக்கடைக்காரர், "எந்தச் சாமிம்மா?" என்று கேட்க, "சாமி இல்ல, மீனப் பத்தி சரியா சொன்னவரு!" என்று ஜெசிந்தா பதில் சொன்னாராம். பாலத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு கண்டக்டர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டு விசில் ஊதினார். எங்கள் வாசலில் பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீரஜா மேடம் சிரித்த சிரிப்பில் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாலையோடும் மீனோடும் அரிஸ்டாட்டில் தன் பீடத்தில் ஏறி, வாத்தியார் பிளேட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். முனியன் சாக்ரடீஸை ஒரு தரம் சுற்றி வந்தார். "இது எப்டி?" என்று கேட்டுவிட்டு, தலையைச் சீவிக்கொள்ளச் சீப்பு கேட்டார்.

கிரேக்கப் பேராசிரியர் வெள்ளைத் தலை, ஒல்லி உடம்பு. சாக்ரடீஸையும் பிளேட்டோவையும் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அரிஸ்டாட்டில் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். கெளுத்தியை விரலால் தடவினார். எங்கள் நாட்டில் இவருக்கு ஆயிரம் சிலை இருக்கிறது, எல்லாவற்றிலும் கையில் ஏடு, மீனோடு நான் பார்த்ததில்லை, இவரைச் செய்தவர் இவரை அறிந்தவர், அவர் யார் என்று கேட்டார். நீரஜா மேடம் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

பிரின்சிபால் என்னைப் பார்த்தார். நான் பீடத்தைப் பார்த்தேன். சாக்ரடீஸ் தகடு இருந்தது, பிளேட்டோ தகடு இருந்தது, அரிஸ்டாட்டில் தகடு இருந்தது. நாலாவது தகட்டை வெட்டக் கொடுக்கவே நான் மறந்திருந்தேன். சிலை வருமா வராதா என்று ஓடிய ஓட்டத்தில், மூன்று தடவை வாயால் சொன்ன அந்த ஒரு வரியைக் கோட்டை விட்டிருந்தேன். அதற்கு என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. லூர்துசாமியைத் தேடினேன். கூடத்துக்குள் வரவே கூசி, கடைசியில் வாசற்கதவோரமாக, பிளாஸ்டர் படிந்த கால்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கண் பீடத்தில் இருந்தது. தன் பேருக்கு மேல் படிக்கத் தெரியாதவர் என்றாலும் தகடுகளை எண்ணத் தெரியும்.

நான் வாயைத் திறப்பதற்குள் லூர்துமேரி கூவினார். மார்க்கெட்டில் முப்பது வருஷம் கூவிப் பழகிய குரல்.

"லூர்துசாமி!"

அடுத்த நொடி முனியன், ஜெசிந்தா, சப்பரம் தூக்கியவர்கள், பேண்டுக்காரர்கள், குப்பம் மொத்தமும் சேர்ந்து "லூர்துசாமி!" என்று கத்தியது. புதுக் கூடம், அலமாரிகளில் இன்னும் புத்தகம் வரவில்லை. அந்தப் பேர் சுவர் சுவராக மோதித் திரும்பி வந்தது. பசங்களுக்கு என்ன ஏதென்று தெரியாது, ஆனாலும் அவர்களும் கத்தினார்கள். கிரேக்கரும் தன் வாய்க்கு வந்தபடி அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார்.

லூர்துசாமி கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தார். வேட்டியை இறக்கிவிட்டார், நிமிர்ந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பிள்ளைகள் சொல்வதுபோல் வலது கையை உயரத் தூக்கினார்.

"ஆஜர், சார்!"